கார்பன் யாருடையது? சட்டக் கருத்துரைகளில் விடுபடும் முதற்கேள்வி

பெங்களூரு மல்லேஸ்வரத்தின் 18ஆம் குறுக்குச் சாலையில் கர்நாடக வனத்துறையின் தலைமையகமான அரண்ய பவன் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் இந்திய அறிவியல் கழகம். 1974இல் பேராசிரியர் அமூல்ய ரெட்டி முன்னின்று தொடங்கிய ‘அஸ்த்ரா’ என்னும் ஊரகத் தொழில்நுட்பத் திட்டம் அவ்வளாகத்தில்தான் உருவானது. சாண எரிவாயுவும் புகை குறைந்த விறகடுப்பும் ஆய்வுக்குரிய பொருள்களாக மதிக்கப்பட்டதில் அத்திட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. மல்லேஸ்வரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் பாகேபள்ளி. அவ்வட்டாரத்தின் கூலித் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்த சங்கம், தங்கள் வீட்டுச் சாண எரிவாயுக் கலன்களைக் கொண்டு ஐக்கிய நாடுகள் அவையின் கீழ் கார்பன் கிரெடிட் திட்டம் ஒன்றை 2005ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தது.

காட்டை நிர்வகிக்கும் அலுவலகமும், கரிமத்தை அளக்கக் கற்ற ஆய்வகமும், அதை விற்றுப் பார்த்த கிராமமும் ஒரே சாலைவழியில் அமைந்திருக்கின்றன. இம்மூன்றையும் வணிகத்தில் இணைப்பது சட்டம். கார்பன் கிரெடிட்டை உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கும் வாங்கி விற்கும் நிறுவனங்களுக்கும் சட்ட ஆலோசனை கூறுவது இன்று பெங்களூரு, மும்பை, டெல்லி ஆகிய நகரங்களில் தனித்துறையாக வளர்ந்துவருகிறது. அத்துறை எழுப்பும் கேள்விகள் நுட்பமானவை. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே நிற்கவேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை: விற்கப்படும் கார்பன் முதலில் யாருடையது?

ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு, அல்லது அதற்கு நிகரான பிற வாயு, வளிமண்டலத்தில் சேராமல் தடுக்கப்பட்டதற்கோ அதிலிருந்து உறிஞ்சப்பட்டதற்கோ வழங்கப்படும் சான்று. நெல்லையோ நூலையோ விற்பவர் பொருளைக் காட்டி விற்கலாம். இங்கே காட்டுவதற்குப் பொருள் இல்லை. நிகழ்ந்திருக்கக்கூடிய ஒன்று நிகழவில்லை என்பதே சரக்கு. அளவீடு, சரிபார்ப்பு, பதிவேடு, ஒப்பந்தம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அச்சரக்கை உருவாக்குகின்றன. எனவே இவ்வணிகத்தில் வழக்கறிஞரின் பணி, நடந்து முடிந்த விற்பனைக்குக் காப்பு எழுதுவதோடு நிற்பதில்லை. சரக்கின் உருவாக்கத்திலேயே அவர் பங்கேற்கிறார்.

மல்லேஸ்வரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வழக்கறிஞரிடம், சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்து விவசாயிகளின் வரப்புகளில் மரம் நட்டு கிரெடிட் விற்க விரும்பும் ஒரு நிறுவனம் கருத்துரை கேட்பதாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமான கருத்துரையின் தலைப்புகளை ஊகிப்பது எளிது. எந்தப் பதிவேட்டில் பதிவு செய்வது? வருமான வரி எவ்வளவு? வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து பணம் பெறும் முறை யாது? குறித்த அளவு கிரெடிட் கிடைக்காவிட்டால் இழப்பீடு யார் பொறுப்பு? தகராறு எழுந்தால் நடுவர் அமர்வு சிங்கப்பூரிலா, லண்டனிலா? இவை அனைத்தும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலானவை. விவசாயி இக்கருத்துரையில் இடம்பெறுவது, ‘நில உரிமையாளர்களிடம் சம்மதக் கடிதம் பெறுக’ என்னும் ஒரு வரியில் மட்டுமே.

இந்தக் குறைபாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் கார்பன் கிரெடிட் பற்றிய சட்ட அறிவு காற்றாலைகளையும் நீர்மின் நிலையங்களையும் சுற்றியே முதலில் வளர்ந்தது. கியோட்டோ நெறிமுறை 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், அதன் தூய்மை மேம்பாட்டுப் பொறிமுறையில் பெருமளவில் பங்கேற்ற நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. தமிழ்நாட்டில் நூற்பாலைகள் தங்கள் தேவைக்கு நிறுவிய காற்றாலைகளை ஒரே தொகுப்பாக்கி, தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் அப்பொறிமுறையில் திட்டமாக முன்வைத்தது. காற்றாலையும் ஆலையுடையது, அது நிற்கும் நிலமும் பெரும்பாலும் ஆலையின் கைவசமே இருந்தது, மின்சாரத்தைப் பயன்படுத்தியதும் ஆலையே. அங்கே ‘கார்பன் யாருடையது?’ என்று கேட்பதற்கு அவசியமே எழவில்லை. எஞ்சியது வரி பற்றிய கேள்வி ஒன்றுதான்.

அந்த வரிக் கேள்வியில் நீதிமன்றங்கள் சொன்னவை இன்று மீண்டும் வாசிக்கத்தக்கவை. ஹைதராபாத்தைச் சேர்ந்த மை ஹோம் பவர் நிறுவனத்தின் வழக்கில், கிரெடிட் விற்று வந்த பணம் வணிக வருமானமா, மூலதன வரவா என்பது வினா. வருமானமானால் வரி உண்டு. மூலதன வரவானால் இல்லை. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2012இல் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம் 2014இல் அதை உறுதி செய்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2016இல் சுபாஷ் கபினி மின் நிறுவனத்தின் வழக்கில் அதே முடிவுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2021இல் எஸ்.பி. ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் அவ்வழியே சென்றது. இத்தீர்ப்புகளின் அடிப்படைத் தர்க்கம் இதுதான்: நிறுவனத்தின் தொழில் மின்சாரம் உற்பத்தி செய்வது, கிரெடிட் அத்தொழிலின் கிளைவிளைவு அன்று, உலகின் சுற்றுச்சூழல் அக்கறையிலிருந்து பிறந்த ஓர் உரித்து அது.

வரி செலுத்துவோருக்கு இது பெரிய வெற்றி. ஆனால் இத்தர்க்கத்தை இன்றைய திட்டங்களின்மீது வைத்துப் பார்த்தால் வேறொரு வாயில் திறக்கிறது. கிரெடிட் நிறுவனத்தின் தொழிலில் விளைந்தது அன்று என்று நிறுவனங்களே வாதாடி வென்றிருக்கின்றன. அப்படியாயின் ஒரு மரநடவுத் திட்டத்தில் அது எதிலிருந்து விளைந்தது? விவசாயி வெட்டாமல் விட்ட மரத்திலிருந்து, உழாமல் விட்ட மண்ணிலிருந்து, ஒரு பெண் விறகு எரிக்காமல் விட்ட அடுப்பிலிருந்து. ‘தொழிலின் விளைவு அன்று’ என்பதை வரித்துறையிடம் சொல்லிவிட்டு, ‘முழுவதும் எங்கள் தொழிலின் விளைவே’ என்று விவசாயியிடம் சொல்வது நெடுநாள் நிலைக்கக்கூடிய நிலைப்பாடு அன்று. நல்ல ஆலோசகர் இம்முரணைத் தம் கட்சிக்காரருக்கு முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும்.

நாடாளுமன்றம் இக்கேள்வியைத் தீர்த்துவிட்டதா என்றால், இல்லை. 2017ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 115பிபிஜி என்னும் பிரிவைச் சேர்த்து, கார்பன் கிரெடிட் கைமாற்றத்தால் வரும் வருமானத்துக்குச் செலவுக் கழிவின்றி 10 விழுக்காடு வரி விதித்தது. அப்பிரிவு கார்பன் கிரெடிட்டை வரையறுத்தபோது, ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றப் பணித்திட்ட உடன்படிக்கை அமைப்பு சரிபார்த்த குறைப்பு என்றே குறித்தது. தனியார் பதிவேடுகள் வழங்கும் தன்னார்வ கிரெடிட்டுகள் அவ்வரையறைக்குள் வருமா என்பது ஆலோசகர்கள் இடையே விவாதப்பொருளானது. வரி விகிதம் தெளிவானது. உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

2022ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2023 ஜூன் 28 அன்று கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எரிசக்தித் திறன் பணியகம் நிர்வாகி; கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியா பதிவேட்டைப் பேணும்; மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வர்த்தகத்தை ஒழுங்குபடுத்தும். அவ்வாண்டு டிசம்பரில் வந்த திருத்தம், உமிழ்வு இலக்கு விதிக்கப்படாதவர்களும் தாமாக முன்வந்து திட்டங்களைப் பதிவு செய்ய வழிவகுத்தது. இச்சட்டத்தின் மொழியில் ‘சான்றிதழ்’ இருக்கிறது, அதைப் பெறும் ‘பதிவு பெற்ற நிறுவனம்’ இருக்கிறது. அந்தச் சான்றிதழுக்கு அடியில் இருக்கும் வயலும் வேலியும் சமையலறையும் அதில் இல்லை. பெரிய தொழிற்சாலைகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட சட்டத்துக்கு அது குறையன்று. அதே சட்டகத்துக்குள் மண்ணும் மரமும் வரும்போது குறையாகிறது.

சட்டம் பேசாத இடத்தில் பழைய சட்டங்கள் பேசத் தொடங்கும். சொத்துரிமை மாற்றம் பற்றியும் ஆவணப் பதிவு பற்றியும் நூறாண்டுக்கு மேற்பட்ட சட்டங்கள் இந்தியாவில் உள்ளன. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், அசையாச் சொத்து என்பதில் நிலத்தோடு ‘நிலத்திலிருந்து எழும் பயன்களையும்’ சேர்க்கிறது. 1955இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஆனந்த பெஹெரா வழக்கு இதற்குச் சிறந்த விளக்கம். சில்கா ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஜமீன்தாரிடம் பணம் கொடுத்துப் பெற்றவர்கள், ஜமீன் ஒழிக்கப்பட்ட பின்னும் தம் உரிமை நீடிக்க வேண்டும் என்று கோரினர். பிறர் நிலத்துக்குள் சென்று அதன் விளைவை எடுத்துக்கொள்ளும் உரிமை அசையாச் சொத்தில் ஓர் உரிமை என்றும், நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அத்தகைய உரிமை எழுத்தாலும் பதிவாலும் மட்டுமே கைமாறும் என்றும் நீதிமன்றம் கூறியது. பதிவு இல்லை, ஆகவே உரிமையும் இல்லை.

இப்போது வரப்பு மரங்களுக்குத் திரும்பலாம். முப்பது ஆண்டுகளுக்கு ஒரு விவசாயியின் மரங்கள் உறிஞ்சும் கரிமத்தின்மீது முழு உரிமை கோரும் ஒப்பந்தம் ‘நிலத்திலிருந்து எழும் பயனை’ மாற்றித் தருவதா? அல்லது விவசாயி ஒரு குறிப்பிட்ட முறையில் பயிர் செய்வதாக வாக்களிக்கும் சேவை ஒப்பந்தம் மட்டுமா? இரு வாதங்களுக்கும் இடமுண்டு. முதல் வாதம் ஏற்கப்படுமானால், வெள்ளைத்தாளிலோ கைப்பேசிச் செயலியிலோ பெறப்பட்ட கையொப்பங்கள் பதிவுச் சட்டத்தின் 17, 49 ஆகிய பிரிவுகளின்முன் பயனற்றுப் போகும். ஆயிரக்கணக்கான கையொப்பங்களின்மேல் நிற்கும் ஒரு திட்டத்துக்கு அது சிறு ஆபத்து அன்று.

கர்நாடகத்தில் ஆபத்து இன்னும் ஆழமானது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலங்களை அரசின் முன் அனுமதியின்றி மாற்றித் தருவதை 1978ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. மீறினால் அம்மாற்றம் செல்லாது. பி.டி.சி.எல். சட்டம் என்று வழக்கறிஞர்கள் குறிப்பிடும் இச்சட்டத்தில் ‘மாற்றம்’ என்பது விற்பனை, அடமானம், குத்தகையோடு நின்றுவிடாமல், குடும்பப் பாகப்பிரிவினையும் உயிலும் நீங்கலாக ஏனைய பரிவர்த்தனைகளையும் தழுவி நிற்கிறது. நிலத்தை மீட்கக் கோருவதற்குக் காலவரம்பு கிடையாது என்று 2023இல் கர்நாடக சட்டமன்றம் திருத்தமும் கொண்டுவந்தது. வறண்ட மாவட்டங்களில் மரநடவுத் திட்டங்கள் நாடிச் செல்லும் நிலங்களில் இத்தகைய வழங்கு நிலங்கள் கலந்தே இருக்கும். பஹணியில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அந்நிலம் எவ்வழியில் அப்பெயருக்கு வந்தது என்று பாராத கருத்துரை, இருபதாம் ஆண்டில் கட்சிக்காரரைக் கைவிடும்.

பஹணியில் பெயர் இல்லாதோரின் நிலை வேறு. குத்தகைக்கும் வாரத்துக்கும் பயிரிடுவோர், அனுபவத்தில் மட்டும் நிலத்தை வைத்திருப்போர், கணவன் பெயரிலுள்ள நிலத்தில் ஆண்டு முழுவதும் உழைக்கும் பெண்கள் ஆகியோர்தாம் கார்பனைச் சேமிக்கும் நடைமுறையை உண்மையில் மேற்கொள்பவர்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் ஒருவர். ஒப்பந்தம் கோரும் உழைப்பைத் தருபவர் இன்னொருவர். உழைப்பவர் அறியாத ஒப்பந்தத்தை எந்த நீதிமன்ற ஆணையாலும் வயலில் நிறைவேற்ற இயலாது.

பாகேபள்ளி இங்கேதான் முக்கியமாகிறது. அங்கே 5,500 குடும்பங்களுக்கு இரண்டு கன மீட்டர் கொள்ளளவுள்ள சாண எரிவாயுக் கலன்கள் அமைப்பது திட்டம். விறகும் மண்ணெண்ணெயும் குறைவதால் ஏற்படும் உமிழ்வுக் குறைப்பே கிரெடிட். குறிப்பிடத்தக்கது அதன் சட்ட அமைப்பு. திட்டத்தை முன்வைத்துப் பதிவு செய்தது வெளியிலிருந்து வந்த நிறுவனம் அன்று. பாகேபள்ளி கூலி சங்கமே. அடுப்பின்முன் நிற்பவரும் கிரெடிட்டின் உரிமையாளரும் ஒரே அமைப்புக்குள் இருந்தனர். விலை பேசும்போதும் கணக்குக் கேட்கும்போதும் கூட்டத்தில் எழுந்து நிற்க உறுப்பினருக்கு இடம் இருந்தது. ‘கார்பன் யாருடையது?’ என்பதற்கு எந்தச் சட்டத்தையும் எதிர்பாராமல், அமைப்பின் வடிவத்தாலேயே அவர்கள் விடை சொன்னார்கள்.

இதை இலட்சியமாக்கிவிடவும் கூடாது. 2008இல் 20 யூரோவைத் தாண்டிய தூய்மை மேம்பாட்டுப் பொறிமுறைக் கிரெடிட்டின் விலை, 2012 இறுதிக்குள் ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்தது. உரிமை சங்கத்திடம் இருந்தாலும் சந்தை சங்கத்தின் கையில் இல்லை. விலை வீழ்ச்சியின் சுமையை எந்தத் தரப்பு எவ்வளவு ஏற்கவேண்டும் என்பதை ஒப்பந்தம்தான் தீர்மானிக்கும். குறைந்தபட்ச விலை, நடுவே விலகும் உரிமை, வாங்குநர் பின்வாங்கினால் கலன்களைப் பராமரிப்பது யார் என்னும் விதி ஆகியவற்றை எழுதுவதற்கு விவசாயிகள் தரப்பிலும் ஒரு வழக்கறிஞர் தேவை. பாகேபள்ளி தரும் பாடம் இரட்டையானது: உரிமை தரையில் இருக்கவேண்டும், ஆலோசனையும் தரைக்கு இறங்கி வரவேண்டும்.

இன்றைய தன்னார்வச் சந்தையில் நிலைமை பெரும்பாலும் நேர்மாறானது. இந்தியாவின் தன்னார்வக் கார்பன் சந்தை குறித்து டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையமும் ‘டவுன் டு எர்த்’ இதழும் 2023இல் வெளியிட்ட ஆய்வு, வெளிப்படைத்தன்மை இன்மையையே தலையாய குறையாகச் சுட்டியது. விற்பனை விலை இரகசியமாக இருக்கும்போது, ‘வருமானத்தில் இத்தனை விழுக்காடு விவசாயிக்கு’ என்னும் உறுதிமொழிக்குப் பொருள் இல்லை. எதன் விழுக்காடு என்று அறியாதவர் தம் பங்கைச் சரிபார்க்க முடியாது. அத்துடன் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்து, நடுவர் அமர்வு கடல் கடந்தும் இருந்தால், ஒப்பந்தச் சட்டம் கோரும் ‘ஒரே பொருளை ஒரே பொருளில் உணர்ந்து ஒப்புதல்’ என்னும் அடிப்படையே ஐயத்துக்குரியதாகிறது.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வைக்கப்படுகின்றன. இரண்டும் கவனத்துக்குரியவை.

முதலாவது, வழக்கறிஞரின் கடமை கட்சிக்காரருக்கே. எதிர்த்தரப்பின் நலனைக் காப்பது அவர் வேலை அன்று என்பது. தொழில்நெறியின்படி இது சரி. ஆனால் கார்பன் கிரெடிட்டில் கட்சிக்காரரின் நலன் எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். சரக்கு பல்லாண்டுகள் நீடிக்கவேண்டிய ஒன்று. விவசாயி ஏழாம் ஆண்டில் மரத்தை வெட்டினால் விற்ற கிரெடிட்டின் அடிப்படையே போய்விடுகிறது. 2024 ஜனவரியில் ‘நேச்சர் சஸ்டெயினபிலிட்டி’ ஆய்விதழில் வெளியான சமையலடுப்புத் திட்டங்கள் பற்றிய ஆய்வு, தான் ஆராய்ந்த திட்டங்களில் கிரெடிட்டுகள் உண்மைக் குறைப்பைவிடச் சராசரியாக 9.2 மடங்கு கூடுதலாகக் கணக்கிடப்பட்டிருந்ததாகக் கண்டது. கணக்குக்கும் அடுப்புக்கும் இடையே எழும் இத்தகைய இடைவெளிக்கு ஒரு காரணம், அடுப்பு உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்பதை வீட்டாரிடம் சரிவரக் கேளாமை. அதே ஆண்டு அக்டோபரில், சமையலடுப்புத் திட்டங்களின் தரவுகளைத் திரித்ததாகக் குற்றம் சாட்டி, கிரெடிட் நிறுவனம் ஒன்றின் முன்னாள் நிர்வாகிகள்மீது அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. தரையிலுள்ள உண்மையைப் புறக்கணிப்பது இனி நற்பெயர் சார்ந்த இடர் மட்டும் அன்று, குற்றவியல் இடரும்கூட. விவசாயியின் புரிதலையும் பங்கையும் உறுதி செய்வது கட்சிக்காரருக்கு எதிரான செயலாகாது. அவர் பெறக்கூடிய காப்பீடுகளில் அதுவே மலிவானது.

இரண்டாவது வாதம் செலவு பற்றியது. ஒவ்வொரு சிறு விவசாயிக்கும் தனி வழக்கறிஞர், தனிப் பதிவு என்றால் சிறு திட்டங்கள் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். பெரு நிறுவனங்கள் மட்டுமே எஞ்சும் என்பர். இக்கவலை நியாயமானது. ஆனால் அதற்கான விடை இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புகள் சட்டம், ‘சட்ட சேவை’ என்பதில் வழக்கு நடத்துவதோடு எந்தவொரு சட்டப் பொருளிலும் ஆலோசனை வழங்குவதையும் சேர்த்தே வரையறுக்கிறது. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வட்ட அளவில் குழுக்கள் இருக்கின்றன. ஜாமீன் மனுவுக்கும் ஜீவனாம்ச வழக்குக்கும் நாடப்படும் இவ்வமைப்பு, கார்பன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நாடப்படுவதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. தேவைப்படுவது பயிற்சியும் ஒரு மாதிரி ஒப்பந்தமும்தான்.

மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கவேண்டியவை அதிகம் இல்லை. விவசாயி வாசிக்கும் மொழியில் மூலப்படி இருக்கவேண்டும். ஓசூர் எல்லையில் அது தமிழாக இருக்கலாம், பாகேபள்ளியில் கன்னடமாகவோ தெலுங்காகவோ இருக்கலாம். விற்பனை விலையை விவசாயிக்கு அறிவிக்கும் கட்டாயம் வேண்டும். மரம் தீயிலோ வறட்சியிலோ அழிந்தால் இழப்பு விவசாயியின் தலையில் விழாது என்னும் உறுதி வேண்டும். நிறுவனம் கைமாறினால் மீண்டும் சம்மதம் பெறவேண்டும். தகராறு அந்த மாவட்டத்திலேயே தீர்க்கப்படவேண்டும். ஓராண்டு முன்னறிவிப்போடு விலகும் வழி வேண்டும். இவற்றுள் எதுவும் புதுமை அன்று. கரும்பு ஆலைக்கும் விவசாயிக்கும், வங்கிக்கும் கடனாளிக்கும் இடையே நெடுங்காலம் போராடிப் பெறப்பட்ட பாதுகாப்புகளின் மறுவடிவங்களே இவை.

தனிநிலம் விட்டுக் காட்டுக்குச் சென்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சமூக வன வளத்தைக் காக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் காடுவாழ் மக்களுக்கு உரிமை அளிக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் மக்களின் சமூக உரிமைகள் 2011இல் ஏற்கப்பட்டன. புலிகள் காப்பகம் ஒன்றினுள் அவ்வாறு ஏற்கப்பட்ட முன்னோடி நிகழ்வு அது. அக்காட்டின் மரங்கள் சேர்த்துவைத்துள்ள கரிமத்தை நாளை ஒரு நிறுவனம் வாங்க விரும்பினால், கையொப்பமிட வேண்டியது மல்லேஸ்வரத்து அரண்ய பவனா, மலைமேல் உள்ள கிராம சபையா? காப்பதற்கு உரிமை உண்டு, காத்ததன் பயனில் உரிமை இல்லை என்று சொல்வதற்கு அச்சட்டத்தின் நோக்கம் இடம் தராது. கிராம சபையின் தீர்மானம் இல்லாத வனக் கார்பன் திட்டத்துக்குச் சாதகமாகக் கருத்துரை எழுதும் வழக்கறிஞர், வருங்கால வழக்கு ஒன்றின் முதல் பக்கத்தைத் தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்.

சட்டக் கல்வியிலும் இதற்கு இடமுண்டு. கார்பன் சந்தையைப் பாடமாக நடத்தும் இடங்களில் பாரிஸ் ஒப்பந்தத்தின் 6ஆம் பிரிவும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை வரியும் விரிவாகக் கற்பிக்கப்படுகின்றன. அவை தேவை. அவற்றோடு பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவும், பி.டி.சி.எல். சட்டமும், ஒரு பஹணியைப் பின்னோக்கி வாசிக்கும் பயிற்சியும் ஒரே பாடத்தில் சேரவேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர் ஒரே ஒரு கார்பன் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு, அதில் கையெழுத்திட்டவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர் எதை விற்றதாகக் கருதுகிறார் என்று கேட்டு எழுதினால், பல கருத்தரங்கக் கட்டுரைகளைவிட அது சட்டத்துக்குப் பயன்படும்.

அமூல்ய ரெட்டியும் அவருடைய சகாக்களும் ஐம்பதாண்டுகளுக்கு முன் ஆய்வகத்திலிருந்து கிராமத்து அடுப்படிக்குச் சென்றார்கள். எரிசக்தி பற்றிய ஆய்வை மின்நிலையத்திலிருந்து மட்டும் தொடங்காமல், விறகு சுமப்பவரிடமிருந்தும் தொடங்கலாம் என்று காட்டினார்கள். சட்டத் துறை அந்த நடையை இன்னும் நடக்கவில்லை. கார்பன் நிறுவனத்துக்கு எழுதப்படும் கருத்துரையின் முதல் பத்தியில் பதிவேட்டின் பெயருக்கு முன்பாக, ‘இக்கார்பன் யாருடைய உழைப்பில், யாருடைய நிலத்தில், யாருடைய சம்மதத்தோடு சேர்ந்தது?’ என்னும் வினாவும் அதற்கான விடையும் இடம்பெற வேண்டும். அந்த விடை இல்லாத கருத்துரையை நம்பி முப்பதாண்டு முதலீட்டில் இறங்குவது, வில்லங்கம் பார்க்காமல் வீடு வாங்குவதற்கு ஒப்பாகும்.